நாய்க்கறி தின்னும் ஊருக்கு அனுப்பிவிட்டால் தெருநாய்த் தொல்லை தீருமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். கொளத்தூரில் உங்கள் தெருவில் இரவு பத்து மணிக்கு மேல் இருசக்கர வண்டியில் வர முடிவதில்லை. டியூஷன் முடித்து வந்த மகளை நாய்கள் துரத்தியதில் அவள் சைக்கிளோடு விழுந்து கை முறிந்தது. மாநகராட்சி பிடித்துச் சென்ற நாய்கள் காதில் வெட்டுடன் (கருத்தடை ஆனதற்கு அடையாளம்) அதே தெருவுக்குத் திரும்பிவிட்டன. கொல்லவும் கூடாது, வேறிடத்தில் விடவும் கூடாது என்றால், நாய்க்கறி சாப்பிடுகிற நாகாலாந்துக்கோ கொரியாவுக்கோ ஏற்றி அனுப்பிவிட்டால் என்ன, அங்கெல்லாம் சாப்பிட்டுத் தீர்ப்பதால்தானே தெருவில் நாயே இல்லை என்பது உங்கள் கேள்வி. பாதி வேடிக்கையாகக் கேட்டிருந்தாலும் இதற்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. கூட்டம் கூட்டமாக நாய்களை அகற்றினால் தொல்லை குறையுமா என்பது ஒன்று. இன்ன ஊர்க்காரர்கள் நாய் தின்பவர்கள் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதில் எவ்வளவு உண்மை என்பது மற்றொன்று. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, முதலில் இறைச்சி ஆய்விலும் பிறகு நாய்க் கருத்தடை அறுவை மேசையிலும் பணியாற்றியவன் என்ற முறையில் இரண்டையும் பற்றிச் சொல்ல முடியும். சட்டம் என் துறையன்று. அதில் தீர்ப்புகளைப் படித்துப் புரிந்துகொண்ட அளவுக்கே சொல்கிறேன்.

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் விலங்குநலம் பேசுவோர் பலர் அதைத் தாண்டிக் குதித்து அறிவுரைக்குப் போய்விடுகிறார்கள். 2023 நவம்பரில் ராயபுரத்தில் ஒரே நாய் ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கடித்தது. அடித்துக் கொல்லப்பட்ட அந்த நாயைப் பரிசோதித்தபோது அதற்கு வெறிநோய் இருந்தது உறுதியாயிற்று. வெறிநோய்க்கு அறிகுறி தோன்றிய பிறகு மருந்து கிடையாது. கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளையைச் சென்றடையும் வைரஸ் அனேகமாக எல்லோரையும் கொன்றுவிடும். உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதனால் இறக்கிறார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இந்தியாவின் பங்கு எவ்வளவு என்பதில்தான் குழப்பம்: இருபதாயிரத்தை ஒட்டிய பழைய மதிப்பீடும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அண்மை ஆய்வு தந்த 5,726 என்ற மதிப்பீடும் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் நிற்கின்றன. சிறிய எண்ணையே எடுத்துக்கொண்டாலும், முற்றிலும் தடுக்கக்கூடிய ஒரு நோய்க்கு அது வெட்கக்கேடான எண்.

இனி, கொன்று தீர்ப்பது பற்றி. இதற்குக் கொரியாவரை போக வேண்டியதில்லை. மிக நீண்ட சோதனையைச் சென்னையே செய்து முடித்திருக்கிறது. மதராஸ் மாநகராட்சி 1860 முதல் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. பேசின் பிரிட்ஜ் நாய்ப்பட்டியில் மின்சாரம் பாய்ச்சிக் கொல்வது என் தலைமுறைக்கு முந்தியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. புளூ கிராஸ் விலங்குநல அமைப்பின் சின்னி கிருஷ்ணா எழுதியுள்ளபடி 1995 வாக்கில் ஒரு நாளைக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன. அதே வேகத்தில் ஆண்டு முழுவதும் நடந்திருந்தால் நாற்பத்தொன்பதாயிரத்தைத் தாண்டும். எழுபதுகளில் கொல்லப்படும் நாய்கள் மிகுந்துபோனதால், அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாய்த்தோலில் (மனிதர் அணியும்) கழுத்து டையும் பணப்பையும் வடிவமைத்தது என்றும் அவர் பதிவுசெய்திருக்கிறார். கொல்ல ஆளும் இருந்தது, இடமும் இருந்தது, செத்ததைப் பயன்படுத்தும் திட்டம்கூட இருந்தது. இல்லாதது பலன் ஒன்றுதான்: தெருவில் நாய் குறைந்தபாடில்லை, வெறிநோய்ச் சாவும் நிற்கவில்லை. 1959-இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் 1964 முதல் கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு விடும் முறையை வற்புறுத்திவந்தது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996-இல். இடைப்பட்ட முப்பத்திரண்டு ஆண்டுகளும் நாய் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஏன் குறையவில்லை என்பது அறுவை மேசையில் நின்றவனுக்கு எளிதாகப் புரியும். பெண்நாய் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஓர் ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு குட்டிகள். பசியாலும் நோயாலும் வண்டிகளில் அடிபட்டும் இவற்றில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் செத்துவிடுகின்றன. ஒரு தெருவில் பத்து நாய்களைக் கொன்றால், அந்தப் பத்தும் தின்றுவந்த உணவு அங்கேயே கிடக்கிறது: கறிக்கடைக் கழிவு, கல்யாண மண்டபத்து எச்சில் இலை, மூடியில்லாத குப்பைத்தொட்டி. செத்திருக்க வேண்டிய குட்டிகள் இப்போது பிழைக்கின்றன, பக்கத்துத் தெரு நாய்கள் வந்து சேர்கின்றன. இன்னொன்றையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். வலை வீசுபவரிடம் முதலில் சிக்குவது, மனிதர்களை நம்பி வாலாட்டிக்கொண்டு அருகே வரும் சாதுவான நாய். அதுதான் எவராவது தடுப்பூசி போட்டு வைத்திருக்க வாய்ப்புள்ள நாய். மிரண்டு ஓடுவது, கூட்டமாகத் திரிவது, கடிப்பது எல்லாம் தப்பிவிடும். ஆக, கொல்லக் கொல்ல அந்தப் பகுதியில் தடுப்பூசி பெற்ற நாய்களின் விழுக்காடு குறைந்துகொண்டே போகிறது. பாலித் தீவில் 2008 இறுதியில் வெறிநோய் முதன்முதலாகத் தலைகாட்டியபோது விஷம் வைத்து ஏராளமான நாய்களைக் கொன்றார்கள், நோய் தீவு முழுவதும் பரவியது. 2010-க்குப் பிறகு தீவு முழுக்கத் தடுப்பூசி போடத் தொடங்கிய பின்னர்தான் சாவு குறைந்தது. நாய்களை அகற்றுவது மட்டுமே அவற்றின் எண்ணிக்கையையோ வெறிநோய்ப் பரவலையோ குறிப்பிடத்தக்க அளவு குறைத்ததற்குச் சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் எழுதியதும் இத்தகைய அனுபவங்களை வைத்துத்தான்.

ஆனால் கொல்வது எங்குமே எதற்குமே உதவியதில்லை என்று சிலர் சொல்வது மிகை. பிரிட்டன் 1902-லும் ஜப்பான் 1957-லும் வெறிநோயை ஒழித்தபோது உரிமையாளரில்லாத நாய்களைப் பிடித்துக் கொன்றதும் அதில் ஒரு பகுதியாக இருந்தது. அங்கே அது தனியாக நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் வாய்க்கூடு கட்டாயம், வெளியிலிருந்து வரும் நாய்களுக்குத் தனிமைப்படுத்தல்; ஜப்பானில் 1950-இல் வந்த சட்டத்தின்படி ஒவ்வொரு வளர்ப்பு நாய்க்கும் பதிவும் ஆண்டுதோறும் தடுப்பூசியும். போதாக்குறைக்கு இரண்டுமே தீவுகள். எல்லையில்லாத குப்பையும் பதிவில்லாத வளர்ப்பும் உள்ள நம் ஊரில் அவற்றிலிருந்து கொல்வதை மட்டும் பிய்த்தெடுத்துக்கொண்டு வந்தால் 1860 முதல் 1996 வரை கண்டதைத்தான் மறுபடியும் காண்போம். வேறிடத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதற்கும் முன்னுதாரணம் உண்டு: 1910-இல் இஸ்தான்புல் நிர்வாகம் தன் தெருநாய்களைப் பல்லாயிரக்கணக்கில் மர்மரா கடலிலுள்ள ஒரு வறண்ட பாறைத்தீவில் கொண்டுபோய் விட்டது, சோறும் நீருமின்றி அவை ஒன்றையொன்று கடித்துத் தின்று செத்தன. இன்று அந்த நகரத்தில் தெருநாய் இல்லையா என்றால், 2024-இல் துருக்கி நாடாளுமன்றம் தெருநாய்களுக்கென்றே இரவிரவாக விவாதித்துப் புதிய சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

கருத்தடைத் திட்டம் சென்னையில் வென்றுவிட்டதா என்று நீங்கள் திருப்பிக் கேட்டால், இல்லை என்பதுதான் நேர்மையான பதில். தொடங்கிய முதல் பத்தாண்டுகளில் நகரத்தில் வெறிநோய்ச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. அதில் நாய்க்குப் போட்ட ஊசிக்கு எவ்வளவு பங்கு, மனிதருக்குத் தரமான ஊசி எளிதில் கிடைக்கத் தொடங்கியதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். மாநகராட்சியின் 2018 கணக்கெடுப்பில் 57,366 நாய்கள். 2024-இல் சுமார் 1.8 லட்சம். இரண்டையும் வைத்து ஆறு ஆண்டில் மும்மடங்கு ஆகிவிட்டது என்று பேசுகிறார்கள். தெருநாய்க் கணக்கு என்பது கண்ணில் பட்டதை எண்ணி, படாததை மதிப்பிடுவது என்பதால் அந்தப் பெருக்கல் வாய்ப்பாட்டில் எனக்குத் தயக்கம் உண்டு. எண்ணைவிட முக்கியமானது, 2024-இல் கணக்கிட்டவற்றில் கருத்தடை ஆனவை கால்பங்கைச் சற்றே தாண்டியிருந்தன என்பது. ஒரு பகுதியில் ஏறத்தாழ 70 விழுக்காடு நாய்களுக்குத் தடுப்பூசி எட்டினால்தான் வெறிநோய்ச் சங்கிலி அறும். கருத்தடையும் அதே வீச்சில், இனப்பெருக்கத்தை மிஞ்சும் வேகத்தில் நடந்தால்தான் எண்ணிக்கை இறங்கும். கால்பங்கு என்பது பணத்தைச் செலவழித்துவிட்டுப் பயனைத் தவறவிடும் அளவு. கோவாவில் வீடுவீடாக, தெருத்தெருவாக வலையுடன் சென்று ஆண்டுதோறும் அந்த 70 விழுக்காட்டை எட்ட முயன்றார்கள்; 2021-இல் அந்த மாநிலம் வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. நம்மால் முடியாததன்று, சென்னையிலும் 2025 ஆகஸ்டில் பெருமளவில் தெருநாய்களுக்குத் தடுப்பூசி போடும் பணி தொடங்கப்பட்டது. விட்டுவிட்டு நடத்தாமல் ஆண்டுதோறும் நடத்த வேண்டும்.

இப்போது நாய்க்கறி. நீங்கள் வேடிக்கையாகச் சொன்ன யோசனையை ஒருவர் சட்டமன்றத்திலேயே முன்வைத்திருக்கிறார். 2023 மார்ச்சில் மகாராஷ்டிரச் சட்டமன்ற உறுப்பினர் பச்சு கடு, தெருநாய்களை அசாமுக்கு அனுப்பலாம், அங்கே நல்ல விலை போகிறது என்று பேசினார். அசாம் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது, நாகாலாந்து என்று சொல்ல வந்து அசாம் என்று சொல்லிவிட்டதாக விளக்கம் தந்து வருத்தம் தெரிவித்தார். எந்த மாநிலம் என்றுகூடத் தெரியாமல் ஒரு திட்டம் அவையில் வைக்கப்பட்டது என்பதே இந்த எண்ணத்தின் தரத்தைக் காட்டிவிடுகிறது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டு அரசியல் மேடையிலும், முன்பு நாகாலாந்தில் ஆளுநராக இருந்த அன்றைய ஆளுநரைச் சாடுவதற்காக நாகர்களின் உணவு இழுக்கப்பட்டது. உண்மை நிலை என்னவென்றால், நாகர் இனக்குழுக்கள் சிலவற்றில் நாய்க்கறி மரபாக உண்ணப்படுகிறது, அதற்கு மருத்துவக் குணம் உண்டென்ற நம்பிக்கையும் இருக்கிறது. எல்லோரும் உண்பதில்லை, அன்றாட உணவும் அன்று. 2020 ஜூலையில் நாகாலாந்து அரசு அதன் விற்பனையைத் தடைசெய்தது. 2023 ஜூனில் குவஹாத்தி உயர்நீதிமன்றத்தின் கோஹிமா அமர்வு அந்தத் தடையாணையை ரத்துசெய்தது. மிசோரமோ 2020-லேயே அறுக்கத்தக்க விலங்குகளின் பட்டியலிலிருந்து நாயை எடுத்துவிட்டது. வடகிழக்கு என்பது எட்டு மாநிலங்கள், நூற்றுக்கணக்கான மொழிகள். அதை ஒரே தட்டில் வைத்துப் பேசுவது, இட்லி சாப்பிடுகிற எல்லோரும் மதராஸி என்று டெல்லியில் சொல்லும்போது நமக்கு வருகிற எரிச்சலுக்கு ஒப்பானது.

தொழில்முறையில் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது. நாய்க்கறி வணிகம் உள்ள இடங்களில் வியாபாரி தேடுவது சதைப்பிடிப்பான, மனிதரிடம் பழகிய, பிடிக்க எளிதான நாயை. அதனால்தான் அந்த வணிகத்தைச் சுற்றி வளர்ப்பு நாய்த் திருட்டுப் புகார்கள் எழுகின்றன. சொறி பிடித்து, எலும்பும் தோலுமாய், இரவில் வண்டியைத் துரத்தும் உங்கள் தெரு நாய் அவருக்கு வேண்டாத சரக்கு. உயிரோடு நாய்களைத் தொலைதூரம் ஏற்றிச் செல்வது வெறிநோயையும் ஏற்றிச் செல்வதாகும்: அது உடலில் நுழைந்து அறிகுறி காட்ட வாரங்களோ மாதங்களோ ஆகும் என்பதால், ஏற்றும்போது நன்றாக இருந்த நாய் இறங்கிய ஊரில் நோயைப் பரப்பும். இந்தோனேசியாவின் புளோரஸ் தீவுக்கு 1997-இல் வெறிநோய் வந்தது வேறு தீவிலிருந்து மீன்பிடிப் படகில் கொண்டுவந்த நாய்களால்தான். அந்தத் தீவில் நாய்க்கறி உண்ணும் வழக்கம் உண்டு, நோய் வந்தபின் ஏராளமான நாய்களைக் கொல்லவும் செய்தார்கள், நோய் போகவில்லை. சமைத்த இறைச்சியில் வைரஸ் செத்துவிடும் என்பது உறுதி. ஆபத்து அறுப்பவரின் கையில் உள்ள கீறலில் இருக்கிறது.

கொரியாவில் தெருநாய் குறைவு என்பது சரி, காரணம்தான் தவறு. பதிவு, வெளியே கொண்டுவந்தால் கட்டாயம் கயிறு, பிடிபட்ட நாய்க்கு உரிமையாளர் வராவிட்டால் காப்பகத்தில் கருணைக்கொலை, கொட்டிக்கிடக்காத குப்பை என இவையே காரணங்கள். அங்கே கறிக்குப் போனது தெருநாயல்ல, பண்ணையில் அதற்கென்றே வளர்க்கப்பட்ட நாய். அதையும் முடித்துவைக்கும் சட்டத்தைத் தென்கொரிய நாடாளுமன்றம் 2024 ஜனவரி 9 அன்று 208 வாக்குகளுடன், எதிர்ப்பு ஒன்றுமின்றி நிறைவேற்றியது. 2027-இல் முழுமையாக நடைமுறைக்கு வரும் அந்தச் சட்டம் வளர்ப்பதையும் அறுப்பதையும் விற்பதையும் தண்டிக்கிறது, உண்பதைத் தண்டிக்கவில்லை. தைவான் 2017-இல் உண்பதையே தடைசெய்தது. சீனாவின் ஷென்சென் நகரம் 2020 மே முதல் தடைசெய்தது. அதே ஆண்டு சீன வேளாண் அமைச்சகம் நாயைக் கால்நடைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டது. மறுபக்கம், ஜெர்மனியில் நாய் அறுப்பதற்குச் சட்டப்படித் தடை வந்தது 1986-இல்தான் என்பதும், சுவிட்சர்லாந்தில் விற்பது குற்றமே தவிர வீட்டில் உண்பது குற்றமன்று என்பதும் நம்மிடையே பேசப்படுவதில்லை. ஐரோப்பியரை நாய் தின்பவர் என்று யாரும் கேலிசெய்வதில்லை. அந்தப் பட்டம் எப்போதும் நமக்கு அந்நியமாகத் தெரிபவருக்கே போய்ச் சேர்கிறது. 2024 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் குடியேறியவர்கள் வளர்ப்பு நாய்களைத் தின்கிறார்கள் என்று டிரம்ப் சொன்னார். அப்படி நம்பத்தக்க புகார் ஏதுமில்லை என்று அந்த நகர நிர்வாகமே மறுத்தது. குற்றச்சாட்டுக்கு ஆளானவர்கள் ஹைட்டியிலிருந்து வந்தவர்கள்.

நம் ஊர்க் கதையும் அதே அச்சுதான். 2018 நவம்பர் 17 அன்று ஜோத்பூரிலிருந்து மன்னார்குடி செல்லும் விரைவு ரயிலில் வந்த சுமார் 2,000 கிலோ இறைச்சி எழும்பூர் நிலையத்தில் பிடிக்கப்பட்டது. வால் நீளமாக இருக்கிறது, ஆகவே நாய்க்கறி என்று ஒருவர் சொல்ல, மாலைக்குள் வாட்ஸ்அப் முழுவதும் அதுவே பேச்சு. பிரியாணிக் கடைகளும் கறிக்கடைகளும் நாள்கணக்கில் ஈயோட்டின. கால்நடை மருத்துவக் கல்லூரிப் பரிசோதனையில் அது ஆட்டிறைச்சி என்று தெரிந்தது; ராஜஸ்தான் பக்கத்து ஆடுகளில் வால் நீண்ட இனங்கள் உண்டு. உண்மையில் ஆய்வகம்வரை போகாமலே ஓரளவு சொல்லிவிடக்கூடிய விஷயம் இது. உரித்த உடலில் முன்னங்காலைத் தடவிப் பாருங்கள்: நாய்க்கு அங்கே இரண்டு எலும்புகள் தனித்தனியாக ஓடும், ஆட்டில் அவை ஒட்டிப்போயிருக்கும். பின்னங்காலில் முழங்காலிலிருந்து கீழே நாய்க்கு மெல்லிய இரண்டாவது எலும்பு முழு நீளத்துக்கும் உண்டு, ஆட்டில் அது தேய்ந்து மறைந்துவிட்டது. ஆட்டுக்கொழுப்பு ஆறியதும் வெள்ளையாக இறுகும். நாய்க்கொழுப்பு பிசுபிசுவென்று எண்ணெய்ப்பதமாக நிற்கும். துண்டுபோட்டு மசாலாவில் வெந்த கறியில் இவை எதுவும் செல்லாது, அங்கே மரபணுச் சோதனைதான் வழி. வாலை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது எந்த ஆய்வாளரும் செய்யாத வேலை.

மணிப்பூர் இளைஞர்கள் மாடிக்குக் குடிவந்த பிறகு தெருவில் இரண்டு நாய்களைக் காணவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. தெருநாய் காணாமல் போவது சென்னையில் தினம் நடப்பது. வண்டியில் அடிபட்டிருக்கலாம், பருவகாலத்தில் எல்லை மாறியிருக்கலாம், கருத்தடைக்குப் பிடித்துப்போன நாயைத் தவறான தெருவில் இறக்கிவிட்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னது நாம் ஒப்புக்கொள்ள விரும்புவதைவிட அடிக்கடி நடக்கிறது. புளியந்தோப்பு, கண்ணம்மாபேட்டை போன்ற மையங்களில் எந்தத் தெருவில் பிடித்தது என்ற பதிவு இருக்கும், அங்கே கேளுங்கள். அந்தப் பையன்களிடம் போய்க் கேட்காதீர்கள்.

சட்டம் இப்போது நிற்கும் இடம் இது. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2001-இல் வந்து 2023-இல் திருத்தியமைக்கப்பட்ட விதிகள், கருத்தடையும் தடுப்பூசியும் செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்சநீதிமன்றத்தின் இருவர் அமர்வு டெல்லிப் பகுதியில் எல்லா நாய்களையும் காப்பகத்தில் அடைக்க ஆணையிட்டது. 22-ஆம் தேதி மூவர் அமர்வு அதை மாற்றி, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றை ஊசிபோட்டுத் திரும்ப விடலாம் என்றது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடித்தவற்றை அங்கேயே திரும்ப விடக்கூடாது என்று ஆணையிட்டது. ஆகவே உங்கள் தெருவில் வழக்கமாகத் துரத்திக் கடிக்கும் குறிப்பிட்ட நாயைப் பற்றி, அங்க அடையாளத்துடன் எழுத்துமூலம் புகார்தர உங்களுக்கு இடமிருக்கிறது. "தெருவில் நாய்த் தொல்லை" என்று பொதுவாக எழுதினால் அது கோப்பில் தூங்கும். மாநகராட்சியின் 1913 எண்ணில் புகாரைப் பதிந்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். காதில் வெட்டு இல்லாத நாய்கள் எத்தனை, அவற்றில் பெண் எத்தனை என்று ஒரு காலையில் நடந்து குறித்துக் கொடுத்தால் பிடிக்க வருபவருக்கு வேலை பாதியாகும். உணவிடுபவர்களைப் பகைக்காதீர்கள், வலைக்குச் சிக்காத நாயை ஊசிக்கு அருகில் கொண்டுவரக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே. வாசலில் போடாமல் ஓர் ஓரமாக, குறித்த நேரத்தில் போடச் சொல்லிக் கேளுங்கள்.

மகளுக்குக் கடி ஏதும் இல்லை, விழுந்த காயம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். நாயின் பல்லோ நகமோ தோலைக் கீறியிருந்தால், எத்தனை சிறியதானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தோலில் போடும் ஊசி முதல் நாள், பின்பு 3, 7, 28-ஆம் நாள்களில், இலவசமாகவே கிடைக்கும். இரத்தம் வந்த காயமாயிருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்புப் புரத ஊசி) போட வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயத்தில் பெரியவர்கள் இன்னமும் தள்ளிப்போடச் சொல்வார்கள். ஆட்டு மூளையில் தயாரித்த அந்தப் பழைய ஊசி 2004-ஓடு நின்றுவிட்டது. நாய் நன்றாகத்தானே இருக்கிறது, பத்து நாள் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். ஊசியைத் தொடங்கிவிட்டு நாயைக் கவனியுங்கள்.